கேட்டவர்கள், கேள்விப்பட்டவர்கள்: நாஜி ஜெர்மனியின் 'வானொலிக் குற்றம்' குறித்துச் சில குறிப்புகள்

அதிகாரத்துக்கு எதிரான 'அன்றாட மீறல்கள்' பற்றிய பேச்சு நமது சூழலில் கொஞ்சம் மலிந்துவிட்டது. ஜேம்ஸ் ஸ்காட் மலேசியக் கிராமத்து விவசாயிகளைப் பற்றி எழுதியதும், மிஷெல் தெ செர்த்தோ அன்றாட வாழ்வின் தந்திரங்களைப் பற்றி எழுதியதும் அரைகுறையாக இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து, முதலாளியின் முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பதும் எதிர்ப்பு, வாய்க்குள்ளே சிரித்துக்கொள்வதும் எதிர்ப்பு, ஒன்றுமே செய்யாமல் சும்மா இருப்பதும்கூட எதிர்ப்பு என்று ஆகிப்போனது. நானும் இப்படி எழுதியவன்தான், மறுக்கவில்லை. இந்த வகைப் பேச்சில் ஒரு சித்திரம் திரும்பத்திரும்ப வரும். யுத்தகால ஜெர்மனி. இரவு. ரேடியோப் பெட்டியையும் தன் தலையையும் சேர்த்துக் கம்பளியால் மூடிக்கொண்டு ஒருவன் லண்டனைக் கேட்கிறான். பிடிபட்டால் சிறை. இவனைவிட வேறு யாரய்யா எதிர்ப்பாளன் என்று கேட்கத்தான் தோன்றும். அந்தக் கம்பளியைச் சற்று விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டி. நாஜிகள் ரேடியோவைத் தடை செய்தவர்கள் அல்லர். வீடுதோறும் கொண்டுபோய் வைத்தவர்கள். 1933 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மக்கள் வானொலி' அறிமுகமானது. விஇ 301 என்று பெயர். 301 என்பது வேறொன்றுமில்லை, ஹிட்லர் பதவிக்கு வந்த ஜனவரி 30. விலை 76 மார்க். 1938இல் 35 மார்க்குக்கு இன்னும் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'கோயபல்ஸ் வாய்'. (விலங்கின் மூஞ்சிக்கும், கொச்சையில் மனிதன் வாய்க்கும் ஜெர்மனில் ஒரே சொல்.) 1933 தொடக்கத்தில் நாற்பது லட்சத்துக்குச் சற்று மேல் இருந்த வானொலி உரிமங்கள் 1939இல் ஒரு கோடியைத் தாண்டின. ரேடியோ வழியாகத் தலைவனின் குரல் எங்கும் நிறைந்த ஒன்றாகிவிடுகிறது என்று அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் எழுதியது இந்தப் பெட்டியை மனதில் வைத்துத்தான்.

அந்நிய நிலையங்கள் கேட்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பெட்டியைச் சக்தி குறைவாகச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. பாதி உண்மை. மலிவுக்காக எளிமையாக்கப்பட்ட பெட்டி அது, சிற்றலை கிடையாது. ஆனால் ஒழுங்காக ஏரியல் கட்டினால், இருட்டிய பிறகு, மத்திய அலையிலேயே லண்டன் வந்துவிடும். இரவில் மத்திய அலை வெகுதூரம் போகும். வானத்தின் இயல்பு அது. வானத்துக்குச் சட்டம் போட முடியாது. எனவே காதுக்குப் போட்டார்கள்.

1939 செப்டம்பர் 1. போலந்துக்குள் படை நுழைந்த அதே நாளின் தேதியில் வந்தது வானொலி பற்றிய அவசர ஆணை. அதன் முதல் இரண்டு பிரிவுகளையும் தனித்தனியாக வாசிக்க வேண்டும். முதல் பிரிவு: வேண்டுமென்றே வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டால் கடுங்காவல்; பெட்டி பறிமுதல். இரண்டாம் பிரிவு: கேட்ட செய்தியை, அது நாட்டின் எதிர்ப்பு வலிமையைக் குலைக்கும் என்றால், வேண்டுமென்றே பிறருக்குப் பரப்பினால் கடுங்காவல், மோசமான வழக்குகளில் மரணம். வழக்குத் தொடுக்க கெஸ்டபோவின் கோரிக்கை வேண்டும். இந்த ஆணை ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதற்கு வாசல் திறந்துவிடும் என்று ஆட்சேபித்தவர் யாரென்றால், அந்த ஆட்சியின் நீதி அமைச்சரான கூர்ட்னரேதான். கோயபல்ஸ் விடவில்லை. பெட்டியின் திருகில் மாட்டுவதற்கு ஒரு சின்ன அட்டையும் அச்சடித்துக் கொடுத்தார்கள்: அந்நிய நிலையம் கேட்பது தேசத்தின் பாதுகாப்புக்கு எதிரான குற்றம், கடுங்காவல் கிடைக்கும் என்கிற அர்த்தத்தில். திருகியைத் தொடும்போதெல்லாம் விரல் சட்டத்தைத் தொட வேண்டும்.

பூக்கோவைப் படித்தவர்கள் இந்த அட்டையைப் பார்த்ததும் குதூகலித்துவிடுவார்கள். கண்காணிப்பு வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது, தன்னிலையே தன்னைக் காவல் காக்கிறது என்று. சரிதான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காதுக்குச் சிறை, வாய்க்குச் சாவு என்கிற அந்தப் பாகுபாடு. கேட்பதை முழுக்க ஒழித்துவிட முடியாது என்பது ஆணையை எழுதியவர்களுக்குத் தெரியும். கேட்டவன் அதை இன்னொருவனிடம் சொல்லாமல் இருக்க வேண்டும். சொல்ல நினைத்தாலே தொண்டை அடைக்க வேண்டும். காதுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள அந்த நாலு விரற்கடைத் தூரத்தைத்தான் சட்டம் கைப்பற்ற நினைத்தது. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் ஜாக்கிரதைக்காகச் சொன்னதை ஓர் அரசு ஆட்சிமுறையாகவே ஆக்கிக்கொண்டது.

கேட்டவர்கள் ஏராளம். தண்டனை பெற்றவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் கெஸ்டபோவின் சாமர்த்தியத்தால் பிடிபடவில்லை; பக்கத்து வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், சில சமயம் கட்டிய மனைவி அல்லது புருஷன் சொல்லித்தான். குழாயடிச் சண்டைக்கும் சொத்துத் தகராறுக்கும் இந்த ஆணை ஓர் ஆயுதமானது. 1941லிருந்து லண்டனின் அடையாள ஒலி நான்கு முரசடி: மூன்று குறில், ஒரு நெடில். மோர்ஸ் தந்தியில் 'வி' என்ற எழுத்து, வெற்றிக்கு அறிகுறி. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பனியின் தொடக்கமும் அதுவே. ஜெர்மானியனின் சொந்த சங்கீதத்தையே அவனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அழகான யோசனைதான். முரசின் அடித்தொனி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும் என்பதைக் கம்பளிக்குள் இருந்தவன்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் திருகியை மறக்காமல் பழையபடி ஜெர்மன் நிலையத்துக்கே திருப்பி வைப்பார்கள்.

எதற்காகக் கேட்டார்கள்? இங்கேதான் நமது எதிர்ப்புக் கோட்பாட்டாளர்களுக்குக் கொஞ்சம் சங்கடம். விமானங்கள் எந்தப் பக்கம் வருகின்றன, போர்முனை எங்கே இருக்கிறது, பையன் சிறைபிடிக்கப்பட்டானா செத்தானா: பெரும்பாலோருக்கு இதுதான் வேண்டியிருந்தது. கேட்டார்கள், காலையில் எழுந்து தொழிற்சாலைக்குப் போய்க் குண்டு செய்தார்கள். கட்சி உறுப்பினர்களும் கேட்டார்கள். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மகன் உயிரோடிருக்கிறானா என்று தெரிந்துகொள்ள நினைப்பவளிடம் போய் அரசியல் கேட்க முடியுமா? ஆனால் அதற்கு எதிர்ப்பு என்று பெயர் வைக்கும்போது வேறொன்றை மறைக்கிறோம்.

அந்தக் காலத்தில் சுற்றிவந்த ஒரு கதை. கதை என்றே வைத்துக்கொள்வோம். நீர்மூழ்கிக் கப்பலில் போன மகன் இறந்துவிட்டான் என்று ஒரு தாய்க்குத் தகவல் வருகிறது. ஆன்ம சாந்திக்கு மாதா கோயிலில் பூசை வைத்து ஊராரை அழைக்கிறாள். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் முந்தின இரவு லண்டனில் அவன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், பிழைத்துச் சிறைப்பட்டிருக்கிறான் என்று. சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். போனால் உயிரோடிருப்பவனுக்குக் கருமாதி செய்ததாகும். ஆகவே வராமல் இருந்தார்கள். காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்துத் தாய் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அந்தச் சமூகம் எப்படிப் பேசிக்கொண்டது என்பதை இந்தக் கதையைவிடத் துல்லியமாக எந்த ஆய்வேடும் சொல்லிவிடாது. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல் கிடையாது.

இதில் சந்தோஷமான செய்தி என்பதால் காலிப் பெஞ்சுகள் பேசின. வேறுவகைச் செய்திகளும் லண்டனிலிருந்து வந்தன. அமெரிக்காவில் அகதியாக இருந்த தாமஸ் மான் 1940 இலையுதிர் காலத்திலிருந்து மாதந்தோறும் ஜெர்மானிய நேயர்களிடம் பேசினார். தொடக்கத்தில் அவர் எழுதியதை லண்டனில் வேறொருவர் படித்தார். 1941லிருந்து அவர் குரலே இசைத்தட்டில் பதிவாகி, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் போய், அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டன் சேர்ந்து, மறுபடி பதிவாகி, ஒலிபரப்பானது. ஒரு எழுத்தாளனின் தாய்மொழி இத்தனை தூரம் சுற்றித்தான் ஊருக்குத் திரும்ப முடிந்தது. 1942இல் அவர் தன் உரைகளில் யூதர்கள் நச்சுவாயுவால் கொல்லப்படுவதைச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று நேச நாடுகளின் கூட்டறிக்கை யூத அழிப்பை வெளிப்படையாகக் கண்டித்தது. பிபிசி அதை ஒலிபரப்பியது. கம்பளிக்குள் இருந்த காதுகளில் இவையும் விழுந்தன. முந்தைய யுத்தத்தில் பிரிட்டிஷார் பரப்பிய பொய்ச் செய்திகள் பலருக்கும் ஞாபகம் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்பாமலிருக்க அது ஒரு வசதியான காரணமாக இருந்தது.

அந்த யூதர்களிடம் ரேடியோ இல்லை. 1939 செப்டம்பரிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். டிரெஸ்டனில் இருந்த மொழியியல் அறிஞர் விக்டர் கிளெம்பரர் தன் நாட்குறிப்பில் பதிந்த யுத்தச் செய்திகளில் பல, யார் யாரோ கேட்டு, காதோடு காதாகக் கடத்தியவை. தலை போகும் என்று தெரிந்தும் யாரோ வாயைத் திறந்ததால்தான் அவருக்குக் கிடைத்தன.

தமிழில் 'கேள்' என்ற வினை இரண்டு வேலை செய்கிறது. ஒலியைக் கேட்கிறோம், ஒருவரைப் பார்த்து 'ஏன்' என்றும் கேட்கிறோம். கேள்வி என்பது குறளில் செவிவழி அறிவு, தெருவில் வினா. இரண்டையும் ஒரே வேரில் வைத்திருக்கிற மொழிக்காரர்கள் நாம். கூடவே 'கேள்விப்பட்டேன்' என்று ஒன்றும் வைத்திருக்கிறோம். நோய்வாய்ப்பட்டேன், அவதிப்பட்டேன் என்பதுபோல. எனக்கு நேர்ந்தது, நான் செய்ததல்ல. "ஏதோ கேள்விப்பட்டேம்ப்பா, நிசமா என்னன்னு தெரியாது" என்று சொல்லும்போது கேட்டதற்கான பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறோம். 1945க்குப் பிறகு ஜெர்மனி முழுக்க ஒலித்த 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்கிற வாக்கியத்தை வெறும் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பொய்யைவிடச் சிக்கலானது அது. தெரிந்துகொள்வது குற்றமாக இருந்த நாட்டில், தெரிந்ததை ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லப்படாதது சாட்சியமாகாது. எந்தச் சட்டம் அவர்களை மிரட்டியதோ அதே சட்டம் யுத்தம் முடிந்ததும் அவர்களுக்கு நிரபராதித்துவத்தை வழங்கிவிட்டது. கம்பளி அப்போது கெஸ்டபோவிடமிருந்து மறைத்தது, பிறகு வரலாற்றிடமிருந்து.

*

கம்பளியைத் தூக்கி எறிந்த ஒருவனைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. ஹெல்முத் ஹ்யூபனர், ஹாம்பர்க். 1925இல் பிறந்தவன், சமூகநலத் துறை அலுவலகத்தில் பயிற்சிப் பணி. ராணுவத்திலிருந்த அண்ணன் பிரான்சிலிருந்து கொண்டுவந்த சிற்றலை ரேடியோ கைக்குக் கிடைக்கிறது. 1941இல், பதினாறு வயதில், ராத்திரியில் லண்டனைக் கேட்கிறான். சிநேகிதப் பையன்கள் கார்ல்-ஹைன்ஸ் ஷ்னிப்பெ, ரூடி வோபெ இருவரையும் கேட்க வைக்கிறான். இதுவரை கோடிக்கணக்கானவர்கள் செய்ததுதான். அடுத்து அவன் செய்தது, கேட்டதைக் குறிப்பெடுத்துக்கொண்டு தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தது. ஏறக்குறைய அறுபது வெவ்வேறு துண்டறிக்கைகள். ஜெர்மன் செய்தி சொல்லும் கணக்கு இது, லண்டன் சொல்லும் கணக்கு இது, நீயே பார் என்கிற மாதிரி. தபால் பெட்டிகளில், மாடிப்படிகளில், தொலைபேசிக் கூண்டுகளில் போட்டார்கள்.

1932இலேயே பிரெக்ட் சொல்லியிருந்தார்: ரேடியோ ஒருபக்கமாக விநியோகிக்கிறது, அதைப் பரிமாற்றக் கருவியாக மாற்ற வேண்டும், கேட்பவனைப் பேசவும் வைக்க வேண்டும் என்று. அப்புறம் அவரே நாட்டைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அந்தக் கனவை நிறைவேற்றியது ஒரு பதினாறு வயதுப் பையனும் ஒரு தட்டச்சுப் பொறியும். அவன் துண்டறிக்கையில் காதும் வாயும் மறுபடி ஒட்டிக்கொண்டன, கேட்டல் கேள்வியாயிற்று. அதிகாரத்துக்கு இது உடனே புரிந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் கைது. ஆகஸ்ட் 11 அன்று பெர்லினில் மக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சிறுவனாயிற்றே என்ற கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்: வயதை மீறிய அறிவு இருக்கிறது, ஆகவே பெரியவனாகக் கொள்ளலாம். அறிவு இருந்ததற்காகத் தலையை எடுத்தார்கள். அக்டோபர் 27, பிளோட்சன்சே சிறை, கில்லட்டின். பதினேழு வயது. வோபெக்குப் பத்து வருஷம், ஷ்னிப்பெக்கு ஐந்து. (இவன் கதையை குந்தர் கிராஸ் 1969இல் தன் நாவல் ஒன்றில் எடுத்தாண்டார். அதே கிராஸ், தான் பதினேழு வயதில் எஸ்எஸ் படையில் இருந்ததைச் சொல்ல 2006 வரை எடுத்துக்கொண்டார். வாய் திறப்பது அத்தனை எளிதல்ல.)

சரி, லண்டன் சொன்னது உண்மையா என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹ்யூபனருக்குத் தீர்ப்பு சொல்வதற்கு இரண்டு நாள் முன்னால், 1942 ஆகஸ்ட் 9 விடியற்காலையில், பம்பாயில் காந்தி கைதானார். அந்த மாதமே உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் இடம் மாற்றி இடம் மாற்றி 'காங்கிரஸ் ரேடியோ'வைத் திருட்டுத்தனமாக நடத்தத் தொடங்கினார்கள். ஹ்யூபனரின் தலை விழுந்த பதினாறாம் நாள், நவம்பர் 12 அன்று, அவர்கள் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்காண்டு சிறை. ஹாம்பர்க்கில் உண்மையாக ஒலித்த அதே லண்டன், பம்பாயில் வாயைப் பொத்தியது. அந்த ஆண்டிலேயே பெர்லின் என்ன செய்துகொண்டிருந்தது? சுபாஷ் போஸின் ஆசாத் ஹிந்த் ரேடியோவை இந்தியாவை நோக்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில், ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. தன் குடிகள் அந்நிய ரேடியோ கேட்டால் சிறையில் தள்ளுகிற அரசு, அடுத்தவன் குடிகளைத் தன் ரேடியோவைக் கேளுங்கள் என்று கூப்பிடுகிறது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் "நாங்கள்லாம் அப்பவே பெர்லின் கேட்டவங்க" என்று மார்தட்டுவார். அந்தப் பெர்லின்காரன் அதே ராத்திரியில் லண்டனைக் கேட்டுப் பயந்து செத்துக்கொண்டிருந்தான் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்போது தெரியாது. ஆக, உண்மை குரலின் முகவரியில் இல்லை. ஹ்யூபனர் லண்டனை அப்படியே ஒப்பிக்கவில்லை. இரண்டு கணக்கையும் எதிரெதிரே வைத்தான். அதுதான் அவனை நேயர் என்ற நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

கம்பளிக்குப் பதிலாக என்ன இருக்க முடியும் என்பதற்கு ஃபிரான்ஸ் ஃபனான் 1959இல் எழுதிய அல்ஜீரியா நூலில் ஒரு காட்சி உண்டு. அது சர்வாதிகாரமல்ல, காலனியம், ஆனாலும் பொருந்தும். விடுதலை இயக்கத்தின் 'அல்ஜீரியாவின் குரல்' தொடங்கியதும் ரேடியோ விற்பனைக்குக் கட்டுப்பாடு. பேட்டரி கடைகளிலிருந்து மறைந்தது. அலைவரிசைமேல் இரைச்சலை ஏவினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். அறை நிறைய ஆட்கள். ஒருவன் மட்டும் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துத் திருகியைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அவன் காதிலும் பாதிக்கு மேல் இரைச்சல். நடுவில் துண்டுதுண்டாக வந்ததை அவன் சொல்ல, மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த மலைகளையும் சண்டைகளையும் கொண்டு மீதியை நிரப்பிக்கொள்கிறார்கள். செய்தி அறையிலேயே தயாராகிறது. இதை வதந்தி என்று பழிக்கலாம். ஃபனான் அதை ஒரு ஜனக்கூட்டம் தேசமாவது என்று வாசித்தார். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறேன் நான்.

பேட்டரி என்றதும் யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இராது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பேட்டரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பாட, சுற்றி நின்று செய்தி கேட்டார்கள். அதில் வந்த பிபிசி தமிழோசையின் மூலவர் 1941 மே மாதம் இதே லண்டனிலிருந்து யுத்தகாலச் செய்தி மடலாகத் தொடங்கியவர்தான். அங்கே கேட்பதற்குத் தடையில்லை, மின்கலத்துக்குத்தான் தடை. ஒப்பீட்டை ரொம்ப நீட்டக்கூடாது. ஆனால் சுற்றுகிறவன் நிறுத்தினால் எல்லோருக்கும் நின்றுபோகும் ஒரு கேட்டல் அது. முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கிவிடும். கம்பளிக்குள் வாக்குவாதம் கிடையாது.

சோவியத் யூனியன் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாலினுக்குப் பிந்தைய காலத்தில் அங்கே அந்நிய ரேடியோ கேட்பதே குற்றம் என்று சட்டம் இல்லை. 1948லிருந்து அலைகளை இரைச்சலால் அடித்தார்கள்; முற்றிலும் நின்றது 1988 நவம்பரில். 1966இல் சேர்த்த 190-1ஆம் பிரிவு தண்டித்தது எதை? சோவியத் அமைப்பை அவதூறு செய்யும் செய்தியை வாய்மொழியாகவோ எழுத்திலோ பரப்புவதை. மறுபடி வாய். அங்கேயும் கேட்டவர்கள் தட்டச்சு செய்தார்கள். தட்டச்சுப் படி கள்ளத்தனமாக மேற்கே போய், ரேடியோ லிபர்ட்டியில் வாசிக்கப்பட்டு, எழுதியவனின் சமையலறைக்கே குரலாகத் திரும்பிவந்தது. அந்த ரேடியோவுக்கு 1971 வரை சிஐஏ பணம் கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபடி ஜெர்மனி. எல்லோருக்கும் தடை என்றேன், அப்படியல்ல. கேட்பதற்கு அனுமதி பெற்றவர்களும் இருந்தார்கள். பெர்லினின் வான்சே ஏரிக்கரையில் 'ஏரி வீடு' என்ற கண்காணிப்பு நிலையம் உலக ஒலிபரப்புகளை ராப்பகலாகக் கேட்டு அச்சடித்து மேலிடத்துக்கு அனுப்பியது. வெளியுறவு அமைச்சகமும் கோயபல்ஸின் அமைச்சகமும் சேர்ந்து நடத்தியது. அமைச்சர்களே ஆனாலும் கண்டபடி கேட்கக்கூடாது; பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 1942இல் கோயபல்ஸ் அந்தப் பட்டியலை இன்னும் சுருக்கினார். ஆட்சியின் உச்சியிலேயே உண்மை ரேஷனில்தான் கிடைத்தது.

வெளியுறவு அமைச்சகத்தின் வானொலிப் பிரிவில் 1940இல் சேர்ந்து துணைத் தலைவராக உயர்ந்த ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1933லிருந்து கட்சி உறுப்பினர். அந்நிய ஒலிபரப்புகளில் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்வது அவர் வேலையின் பகுதி. சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவர். பெயர் குர்ட் கியோர்க் கீசிங்கர். 1966இல் மேற்கு ஜெர்மனியின் பிரதமரானார். 1968 ஜூலையில் பான் நகர நீதிமன்றத்தில், யூதர்களை நாடுகடத்தியதில் பங்கிருந்த பழைய அமைச்சக அதிகாரி ஒருவர்மீதான வழக்கில், சாட்சிக் கூண்டேறினார். யூத அழிப்பைப் பற்றி வெளிநாட்டுச் செய்திகளில் வந்ததைத் தான் அப்போது நம்பவில்லை என்கிற தோரணையில் சொன்னார். அதாவது, கேள்விப்பட்டார்.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, மேற்கு பெர்லினில் அவருடைய கட்சி மாநாட்டு மேடையில் ஏறிய பியாடே கிளார்ஸ்ஃபெல்ட் என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் 'நாஜி' என்று கத்திக்கொண்டே அவர் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்கே நீதிமன்றம் கூடி, அந்தப் பெண்ணுக்கு ஓராண்டு சிறை விதித்தது.